உபுண்டு: மனிதனை மனிதனாக்குவது எது, அந்தக் கணக்கில் விடுபடுவது யார்?

'உபுண்டு' என்றதும் தமிழ்நாட்டில் கணினி பழகியவர்களுக்கு நினைவுக்கு வருவது லினக்ஸ். தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 2004-ல் வெளியிட்ட இயங்குதளத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கோ அது தினமும் காதில் விழும் சொல். ஜனாதிபதி உரையில் வரும், தீர்ப்பில் வரும், வங்கி விளம்பரத்தில் வரும், இரங்கல் கூட்டத்தில் வரும். 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய ஜி20 தலைவர்களின் அறிக்கையிலும் அது ஏறிவிட்டது.

குழப்பமும் அங்கேதான். கொலைகாரனை மன்னிக்கச் சொல்பவரும் உபுண்டு என்கிறார். குத்தகையைப் புதுப்பிக்க மறுக்கும் கட்டட உரிமையாளர் மீது வழக்குப் போட்டவரும் உபுண்டு என்கிறார். தன் ஆட்களுக்கே டெண்டர் கொடுத்த அரசியல்வாதியும் கூசாமல் அதையே சொல்கிறார். எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொன்னால் அந்தச் சொல்லில் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்கத் தோன்றும். மிச்சம் நிறையவே இருக்கிறது. அதைப் பார்க்க, கருத்து, சட்டம், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நேட்டாலின் தமிழர்களின் வரலாறு, அப்புறம் அது உடைந்த இடங்கள் என்று படிப்படியாகப் போகவேண்டும்.

அடிப்படைக் கருத்து

தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் ஒரு பழமொழி: 'உமுன்ட்டு ங்குமுன்ட்டு ங்கபன்ட்டு'. மனிதன் மற்ற மனிதர்களால்தான் மனிதனாகிறான் என்று பொருள். ஹோசா, சோத்தோ மொழிகளிலும் இதே பழமொழி உண்டு. கேட்க நல்வாக்குப் போல இருந்தாலும் உள்ளே மூன்று தனித்தனி வாதங்கள் இருக்கின்றன.

1. மனிதனாகப் பிறப்பது வேறு, ஆவது வேறு. பிறந்த குழந்தைக்கு உடல் இருக்கிறது, உயிர் இருக்கிறது. பெயர், மொழி, வெட்கம், நன்றி, கோபத்தை அடக்கத் தெரிவது எல்லாம் மற்றவர்களிடமிருந்து வருகின்றன. தனியாக வளர்ந்து முழுமையான பிறகு சமூகத்தில் போய்ச் சேர்வதில்லை யாரும். சேர்ந்து இருப்பதால்தான் முழுமையாகிறார்கள்.

2. ஆனதை இழக்கவும் முடியும். ஈவிரக்கமில்லாமல் நடப்பவனைப் பார்த்து 'அவனெல்லாம் ஒரு மனுஷனா' என்று நாம் கேட்பதுபோலவே, சூலு பேசுபவர்களும் அப்படிப்பட்டவனை மனிதனே இல்லை என்பார்கள். உயிரியல் கணக்கில் அவன் மனிதன்தான். நடத்தைக் கணக்கில் தவறிவிட்டான்.

3. இழப்பு இரண்டு பக்கமும் நடக்கிறது. நான் உன்னைக் கேவலப்படுத்தினால் உன் மதிப்போடு என் மனிதத்தன்மையும் குறைகிறது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு இந்த மூன்றாவது வாதத்தையே அதிகம் வலியுறுத்தினார். தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் ஆட்சி நடத்திய இனஒதுக்கல் கறுப்பின மக்களை நசுக்கியதோடு நிற்கவில்லை, நசுக்கியவர்களையும் மனிதர்களாக இருக்கவிடாமல் செய்தது என்பது அவர் வாதம்.

இது 'ஊரோடு ஒத்து வாழ்' என்பதன் ஆப்பிரிக்க வடிவம் என்று தமிழர்களுக்குத் தோன்றலாம். இரண்டும் வேறு. ஊரோடு ஒத்துப்போ என்பது தனி ஆளுக்குச் சொல்லும் புத்தி. உபுண்டு ஊருக்கும் சேர்த்துக் கடமை வைக்கிறது. ஒருவர் மனிதராக ஆகாமல் போனால் அவரை வளர்த்த சுற்றமும் பதில் சொல்லவேண்டும்.

சரி, ஊர் தப்பு செய்தால்? இந்தக் கேள்வியில் ஆப்பிரிக்கத் தத்துவ அறிஞர்களே இரண்டு அணி. நைஜீரியாவின் இஃபியானி மென்கிட்டி 1984-ல் எழுதியபோது சமூகத்தை முன்னால் வைத்தார். ஆளுமை என்பது சமூகத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிப்பது, அதில் சிலர் தோற்றும் போகலாம் என்றார். கானாவின் குவாமே ஜெச்சே அதை மறுத்தார். மனிதனுக்கு இயல்பாகவே பகுத்தறிவும் தேர்ந்தெடுக்கும் திறனும் உண்டு, சமூகம் அவனை வளர்க்கிறதே தவிர முழுக்கத் தீர்மானிப்பதில்லை, எனவே தன் சமூகத்தை விமர்சிக்கவும் அதிலிருந்து விலகி நிற்கவும் அவனுக்கு இடம் இருக்கிறது என்றார்.

என் பார்வையில் ஜெச்சே சொல்வதே சரி. ஊர்விலக்கு பார்த்தவர்கள் நாம். சமூகம் என்றதும் சாதிச் சங்கமும் கட்டப்பஞ்சாயத்தும் நினைவுக்கு வருபவர்களிடம், சமூகம்தான் உன்னை மனிதனாக்குகிறது என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். அந்தச் சந்தேகத்தை விட்டுவிடாமல் கையில் வைத்துக்கொண்டே மேலே போவோம்.

சட்டத்துக்குள் வந்த வழி

இனஒதுக்கல் ஆட்சி முடியும் தறுவாயில், 1993-ல், ஒரு இடைக்கால அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டது. அதன் கடைசியில் ஒரு பின்னுரை. கடந்த காலத்தின் காயங்களை எதிர்கொள்ள இந்த நாட்டுக்குப் புரிதல் வேண்டும், பழிவாங்கல் வேண்டாம். ஈடுசெய்தல் வேண்டும், பதிலடி வேண்டாம். உபுண்டு வேண்டும், பலியாக்குதல் வேண்டாம் என்று அது சொன்னது. அரசியல் குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு தரப்படும் என்ற வாக்குறுதியும் அதே பின்னுரையில்தான் இருக்கிறது. இந்த நாட்டின் அரசமைப்புக்குள் இந்தச் சொல் மன்னிப்போடு கைகோத்தே நுழைந்தது. 1996-ல் வந்த நிரந்தர அரசமைப்பில் அது இல்லை. ஆனாலும் அதன் அடியில் ஓடும் விழுமியமாக நீதிமன்றங்கள் அதைத் தொடர்ந்து எடுத்தாள்கின்றன.

முதல் பெரிய சோதனை மக்வன்யானே வழக்கு. அரசமைப்பு நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் திறந்ததும் விசாரித்த முதல் வழக்கு இதுதான். நாலு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற இருவர். மரண தண்டனை செல்லுமா செல்லாதா என்பது கேள்வி. மக்களில் பெரும்பாலோர் அந்தத் தண்டனை வேண்டும் என்ற மனநிலையில் இருக்கலாம் என்பதை நீதிமன்றம் மறைக்கவில்லை. மக்கள் விருப்பம் அரசமைப்புக்கு மாற்றாகாது என்று தலைமை வகித்த ஆர்தர் சாஸ்கல்சன் எழுதினார். 1995 ஜூன் 6 அன்று பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக மரண தண்டனையை ரத்து செய்தார்கள்.

அவர்களில் யுவோன் மொக்கோரோ, பயஸ் லங்கா, இஸ்மாயில் மொகமெட், தோலே மடாலா ஆகியோர் தங்கள் தனித்தனித் தீர்ப்புகளில் உபுண்டுவைப் பேசினார்கள். லங்கா தந்த விளக்கம் எளிது. சமூகத்தில் ஒருவருக்கு மற்றவர்களிடமிருந்து நிபந்தனையில்லாத மரியாதை கிடைக்கவேண்டும். அதே மரியாதையை மற்ற ஒவ்வொருவருக்கும் தரும் கடமை அவருக்கும் உண்டு. வாங்குவதும் கொடுப்பதும் சேர்ந்தது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதிக்கு அளவுகோல் இதுதான்.

கவனிக்கவேண்டியது, அந்த மரியாதை நல்லவர்களுக்கு மட்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. யாருக்குமே மரியாதை தராத கொலைகாரனும் வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறான். அவனைத் தண்டிக்கலாம், வருடக்கணக்கில் சிறையில் அடைக்கலாம். குப்பைபோல அப்புறப்படுத்த மட்டும் முடியாது.

இரண்டாவது முக்கியமான வழக்கு 2004-ல் வந்தது. போர்ட் எலிசபெத் நகரில் (இன்றைய பெயர் க்கெபெர்ஹா) தனியார் நிலத்தில் 29 குடிசைகள். அவற்றில் 23 குழந்தைகள் உட்பட 68 பேர், இரண்டு முதல் எட்டு ஆண்டுகளாகக் குடியிருந்தவர்கள். அவர்களைக் காலி செய்யச் சொல்லி அக்கம்பக்கத்தார் 1,600 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நகராட்சி நீதிமன்றத்துக்குப் போனது.

தலையை எண்ணினால் ஊர் என்பது அந்த 1,600 பேர்தான். நீதிபதி ஆல்பி சாக்ஸ் எண்ணவில்லை. தனிமனித உரிமையையும் கூட்டுவாழ்க்கைச் சிந்தனையையும் இணைப்பது உபுண்டு என்றும், அது மொத்த அரசமைப்பிலும் ஊறியிருக்கிறது என்றும் எழுதினார். அந்த 68 பேரிடம் உட்கார்ந்து பேசாமல், அவர்கள் எங்கே போவார்கள் என்று பார்க்காமல் வெளியேற்றக் கேட்டது நியாயமில்லை என்று நகராட்சியின் மனு தள்ளுபடியானது. என் கணக்கில் உபுண்டு பற்றிய தீர்ப்புகளில் மிகக் கூர்மையானது இது. ஊர் ஒன்றுகூடி வெளியாளை விரட்டும்போது சமூகத்தின் பெயரால் அந்த ஊரையே தடுத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2006-ல் ஒரு அவதூறு வழக்கில், பணத்தைவிட மனமார்ந்த மன்னிப்புக் கேட்பது உறவைச் சரிசெய்யும் என்று மொக்கோரோவும் சாக்ஸும் எழுதினார்கள். ஆனால் பெரும்பான்மை நீதிபதிகள் இழப்பீட்டுத் தொகையை மாற்றவில்லை. 2011-ல் கடைக் குத்தகை தொடர்பான வழக்கொன்றில் ஒப்பந்தச் சட்டத்துக்கும் உபுண்டு பொருந்தும் என்ற கருத்து வலுப்பட்டது. 2020-ல் அதற்குக் கடிவாளம் விழுந்தது: உபுண்டு ஒப்பந்தச் சட்டத்தின் விழுமியங்களில் ஒன்றுதான், ஆனால் நீதிபதிக்கு நியாயமாகப் படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்க முடியாது. உபுண்டு சொன்னால் வாடகை பாக்கி தள்ளுபடியாகும் என்று நம்பியிருப்பவர்கள் இந்த 2020 தீர்ப்பைப் படிப்பது நல்லது.

நேட்டால் தமிழர்கள்: சமூகம் பறிக்கப்பட்டபோது

சமூகம் இல்லாவிட்டால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று வேண்டுமென்றே யாரும் சோதித்துப் பார்க்கமாட்டார்கள். ஒப்பந்தக் கூலிமுறை கிட்டத்தட்ட அதைச் செய்தது.

மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக வந்தவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்களே அதில் அதிகம். கரும்புத் தோட்டத்துக்கு வேண்டியிருந்தது ஐந்து வருடம் உழைக்கும் உடல். குடும்பம் வேண்டாம், ஊர் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது விதி. தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே தற்கொலைகள் அதிகம் நடந்ததை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எழவு சொல்லி அனுப்பக்கூட ஆள் இல்லாத இடத்தில் அது வியப்பில்லை.

அந்த நிலையிலிருந்து அவர்கள் எப்படி மீண்டார்கள்? தனித்தனியாக யாரும் மீளவில்லை.

கப்பலில் கூட வந்தவர்கள் உறவுமுறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பக்கத்திலேயே தகரமும் மூங்கிலுமாக மாரியம்மனுக்கு ஒரு கொட்டகை எழுந்தது. பிறகு அது கல்கோயில் ஆனது. கடலில் சாதிக் கட்டு தளர்ந்தது. முழுக்கப் போனது என்று சொல்லமாட்டேன், கல்யாணப் பேச்சில் ரொம்ப காலம் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரே பந்தியில் சாப்பிட மறுத்து அந்த லைனில் எத்தனை நாள் காலம் தள்ளமுடியும்?

ஆடி மாதத்தில், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தின் அம்மன் கோயில் ஒன்றுக்குப் போனால் இந்த வரலாறு அண்டாவிலேயே தெரியும். இங்கே ஆடி என்பது குளிர்காலம். விடியும் முன்பே வெளியே அடுப்பு மூட்டிவிடுவார்கள். கேழ்வரகு இருந்த இடத்தில் மக்காச்சோள மாவு, மோருக்குப் பதில் புளித்த பால். இரண்டும் சூலு வீடுகளின் அன்றாட உணவு. நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய். தமிழ் பேசத் தெரியாத நாலாம் தலைமுறைப் பையன்கள் துடுப்பால் கிண்ட, ஒரு ஆயா பதம் பார்ப்பார். 'பாரிட்ஜ் பிரேயர்ஸ்' என்பது இங்கே அதற்குப் பெயர். வீட்டுக்கு ஒரு தூக்குவாளி வரும், வரிசையில் யார் நின்றாலும் ஊற்றுவார்கள்.

சாவு வீடு இன்னும் தெளிவாகச் சொல்லும். சேதி வந்த சில மணி நேரத்தில் முற்றத்தில் கூடாரம் ஏறிவிடும். பெரிய பாத்திரங்களும் கேஸ் அடுப்பும் சங்கத்திலிருந்து வரும். மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டிவந்த ஈமச் சங்கம் பெட்டி, வண்டி, கிளேர் எஸ்டேட் தகனம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். உருளைக்கிழங்கு உரிக்கும் ஆண்கள் ஒரு பக்கம், பருப்பு கழுவும் பெண்கள் ஒரு பக்கம், பதினாறாம் நாள் வரைக்கும். செத்தவரின் மகன் ஒரு முடிவும் எடுக்கவேண்டியதில்லை, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றால் போதும். அடுத்த வீட்டில் சாவு விழும்போது அவரும் கிழங்கு உரிக்கப் போகவேண்டும். போகாவிட்டால் யாரும் சண்டை போடமாட்டார்கள். தன் வீட்டுக் காரியத்தில் எத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார். சூலு குடும்பங்களிலும் இப்படியே ஈமச் சங்கங்கள் உண்டு. 'ஸ்டோக்வெல்' என்ற பெயரில் நம் சீட்டு மாதிரியே பணம் சுற்றும் குழுக்களும் நாடு முழுக்க இருக்கின்றன. ஒரு தெரு தள்ளி வாழும் இரண்டு கூட்டம், ஒரே ஏற்பாடு, ஆனால் பெரும்பாலும் தனித்தனிப் புத்தகம்.

பள்ளிக்கூடமும் இதே வழியில்தான் வந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கு அரசு தானாகப் பள்ளி கட்டித்தரவில்லை. ஊர் பணம் திரட்டிக் கட்டினால் ஒரு பங்கு உதவி செய்யும். டர்பனில் 1929-ல் திறந்த சாஸ்திரி கல்லூரி அப்படி இந்தியர்கள் திரட்டிய பணத்தில் எழுந்தது. வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அங்கே இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தபோது தொடங்கிய முயற்சி அது. எழுத்து தெரியாத கூலியின் பேரன் டாக்டரானான் என்றால் அவன் படித்த வகுப்பறையின் செங்கல்லில் பக்கத்து வீட்டுக்காரர் காசும் இருக்கிறது. சொந்தக் காலில் நின்று முன்னேறினோம் என்று இன்று பெருமை பேசுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சமூகத்தை அங்கீகரிக்காத அரசு தனிமனிதரை எப்படிக் குறைக்கிறது என்பதற்கு 1913 நல்ல உதாரணம். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பலதார மணத்துக்கு இடம் தரும் மதங்களின் திருமணங்கள் செல்லாது என்று அந்த ஆண்டு மார்ச்சில் கேப் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். ஒரே நாளில் மனைவிகள் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லை என்றானது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் மீதான மூன்று பவுண்டு வரி ஏற்கெனவே இருந்தது. அந்த ஆண்டுச் சத்தியாகிரகத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது.

வட்டம் எங்கே முடிகிறது?

இதுவரை படித்தால் சமூகம் எல்லாம் நல்லது என்றுதான் தோன்றும். இனி கசப்பான பகுதி.

இனஒதுக்கல் அரசுக்கும் சமூகம் என்ற சொல் பிடிக்கும். 1950-ன் குழுப் பகுதிகள் சட்டப்படி மக்களை வீடுவீடாகப் பெயர்த்து எறிந்த துறையின் பெயர் 'சமூக மேம்பாட்டுத் துறை'. டர்பனின் கேட்டோ மேனரிலும், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் (பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும்) தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பாரக்ஸிலும் இருந்தவர்கள் 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்டார்கள். 1976-ல் இந்தியர்களுக்கென்றே பீனிக்ஸ் குடியிருப்பு வந்தது. ஆப்பிரிக்கர்களுக்கு உம்லாசி, குவாமஷு. ஒவ்வொரு இனமும் தன் தன் சமூகத்தோடு தனியாக வாழட்டும் என்பது அரசின் தத்துவம். நடுவில் நெடுஞ்சாலை, ஆறு, வெற்றுநிலம்.

அப்படி வளர்ந்த சமூகம் உள்ளே இறுகியது. வெளியே இருப்பவர் யார் என்பதை அரசாங்கமே வரைபடத்தில் கோடு போட்டுத் தந்திருந்தது. அந்தக் கோடு வருவதற்கு முன்பே பகை இல்லாமல் இல்லை. 1949 ஜனவரியில் டர்பன் சந்தைப் பகுதியில் ஒரு ஆப்பிரிக்கச் சிறுவன் அடிவாங்கியதில் தொடங்கிய கலவரத்தில் ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களுமாக 142 பேர் செத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 1947 மார்ச்சில், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் டாக்டர் ஏ. பி. சூமா, டிரான்ஸ்வால் இந்தியர் காங்கிரஸின் டாக்டர் தாதூ, நேட்டால் இந்தியர் காங்கிரஸின் டாக்டர் மான்டி நாயக்கர் மூவரும் ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து போராடுவது என்று ஒப்பந்தம் கையெழுத்திட்டிருந்தார்கள். மேலே கையெழுத்து, கீழே தீ. ஆனாலும் அந்த உறவு அறுந்துவிடவில்லை. 1952-ன் எதிர்ப்பியக்கத்தில் இரு தரப்பும் சேர்ந்தே சிறைக்குப் போயின.

2021 ஜூலையில் அதே கேள்வி திரும்ப வந்தது. முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் சூமா சிறைக்குப் போனதும் குவாசூலு-நேட்டாலிலும் கௌட்டெங்கிலும் கொள்ளையும் தீவைப்பும் பரவின. 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீனிக்ஸில் மட்டும் 36 பேர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்க்கவேண்டும்.

1. காவல்துறை தோற்றது. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழுவே 2022 அறிக்கையில் இதைச் சொன்னது. கூப்பிட்டால் யாரும் வரவில்லை என்று பீனிக்ஸ் மக்கள் சொன்னது பொய் இல்லை.

2. தெருக்கள் தாமாகக் கூடின. டயர் போட்டு வழியை மறித்தார்கள், வாட்ஸ்அப்பில் முறை வைத்து இரவுக்காவல் நின்றார்கள், நிற்பவர்களுக்கு வீடுகளிலிருந்து டீயும் சாப்பாடும் வந்தன. சாவு வீட்டுக்குக் கூடாரம் போடும் அதே பழக்கம், அதே தொலைபேசி எண்கள்.

3. தடுப்பில் நிற்பவர் வழியில் வருபவரைத் தோலின் நிறத்தால் எடைபோட ஆரம்பித்தார். கொள்ளையடிக்க வந்தவர்களோடு, வேலை முடிந்து இனாண்டாவுக்கோ குவாமஷுவுக்கோ போய்க்கொண்டிருந்தவர்களும் அடிபட்டார்கள், சுடப்பட்டார்கள். சிலர் மீது கொலை வழக்குகள் நடந்தன.

முதல் இரண்டையும் மட்டும் சொல்லி மூன்றாவதை விழுங்குபவர்கள் நம்மில் உண்டு. மூன்றாவதை மட்டும் சொல்பவர்கள் அந்தப் பக்கம் உண்டு. இரண்டும் அரைகுறை. அந்த வாரம் பீனிக்ஸில் சமூக உணர்வுக்குக் குறைவில்லை, ஏராளமாக இருந்தது. லங்கா சொன்ன மரியாதையைத் தெருவுக்குள் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தாராளமாகத் தந்துகொண்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்து வந்தவருக்கு அது கிடைக்கவில்லை. போர்ட் எலிசபெத்தின் 1,600 கையெழுத்துகளும் இதே வகைதான், அங்கே ரத்தம் சிந்தவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

உபுண்டு காலாவதியாகிவிட்டது என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். பெர்னார்ட் மாட்டோலினோவும் வென்செஸ்லாஸ் க்விண்டிங்வியும் 2013-ல் அந்த வாதத்தை வைத்தார்கள். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த சிறு ஊர்களில் இயங்கிய நெறியை, முகம் தெரியாதவர்கள் நெருங்கி வாழும் பெருநகரத்தில் எதிர்பார்ப்பது மேல்தட்டினரின் ஏக்கம் என்பது சாரம். பீனிக்ஸைப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதியை அரசமைப்பு நீதிமன்றம் காட்டுகிறது: முகம் தெரியாதவருக்கும் நீட்டத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. முகம் தெரிந்தவருக்குக் கூடாரம் போட யாருக்கும் சட்டம் தேவைப்பட்டதில்லை.

மன்னிப்பு: யார் பணம் கட்டியது?

கடைசியாக, 1993 பின்னுரையில் உபுண்டுவோடு சேர்ந்து வந்த பொதுமன்னிப்புக்கு வருவோம். இன்று செய்திகளில் அடிபடுவதும் அதுதான்.

இனஒதுக்கல் காலக் கொடுமைகளை விசாரிக்க 1995 சட்டத்தின்படி உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. டூட்டு தலைவர். பேரத்தின் பகுதிகள் மூன்று.

1. அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவர் முழு உண்மையையும் சொன்னால் மன்னிப்பு. அவர் மீது குற்றவழக்கும் போடமுடியாது, நஷ்டஈட்டு வழக்கும் போடமுடியாது.

2. உண்மை சொல்லாதவர், விண்ணப்பிக்காதவர், மறுக்கப்பட்டவர் ஆகியோர் மீது வழக்கு.

3. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே ஈடு தரும்.

போலீஸ் காவலில் இறந்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவின் குடும்பமும், உம்லாசியில் கொல்லப்பட்ட வழக்கறிஞர்கள் கிரிஃபித்ஸ், விக்டோரியா ம்க்செங்கே தம்பதியின் குடும்பமும் முதல் பகுதியை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் போனார்கள். எங்கள் வழக்குரிமையை எங்களைக் கேட்காமல் எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. 1996-ல் தோற்றார்கள். மன்னிப்பு கேட்டு வந்த விண்ணப்பங்கள் 7,112. ஏற்கப்பட்டவை 849.

மூன்றாவது பகுதியில், ஆணையம் ஆறு ஆண்டுகளுக்கு வருடாந்தரத் தொகை பரிந்துரைத்தது. அரசு 2003-ல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் அறிவித்து முடித்துக்கொண்டது. இரண்டாவது பகுதி அதைவிட மோசம். ஆணையம் அரசின் வழக்குத் தொடுக்கும் துறைக்கு அனுப்பிய ஏறக்குறைய 300 வழக்குகளில் பெரும்பாலானவை அலமாரியிலேயே கிடந்தன. சாட்சிகள் செத்தார்கள், குற்றவாளிகளும் வயதாகிச் செத்தார்கள்.

உபுண்டு பேசி ஏமாற்றிவிட்டார்கள் என்று இளைய தலைமுறை கோபப்படுவதற்குக் காரணம் இதுவே. கோபம் நியாயமானது, இலக்குதான் கொஞ்சம் தவறு. உபுண்டு கேட்டது இரு பக்கமும் கொடுப்பதை. நடந்ததோ, பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் பங்கை முன்பணமாகக் கட்டினார்கள், மறுபக்கம் பாக்கி வைத்துவிட்டது.

அந்த வழக்குகளை நிறுத்தச் சொல்லி அரசியல் தலையீடு நடந்ததா என்று விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி சிசி கம்பெபே தலைமையில் 2025-ல் ஜனாதிபதி சிரில் ராமபோசா ஒரு விசாரணை ஆணையம் அமைத்தார். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்குதான் அதற்கு வழிவிட்டது. விசாரணையோடு, அரசமைப்பை மீறியதற்கான இழப்பீட்டையும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.